‘த ட்ரிங்க்’ என்றால் கடல்

நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு வந்த இங்கிலீஷ் கடிதங்களைப் பத்து வயதிலேயே வாசித்துச் சொன்னவர்கள்? கையைத் தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்குவீர்கள். நம்மைப் பெற்றவர்களுக்கு மலாய் சரளம், ஹொக்கியன் சீனம் கடைத்தெரு அளவுக்கு வரும், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். இங்கிலீஷ் என்றால் மட்டும் நம்மைக் கூப்பிடுவார்கள். கரண்ட் பில், நகராட்சி நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் நம் கைக்குத்தான் வரும். பெரியவர்கள் சுற்றி நின்று நம் வாயைப் பார்ப்பார்கள். நாம் என்ன சொல்கிறோமோ அதுதான் கடிதம்.

அப்படி நான் வாசித்த ஒரு கடிதத்தைப் பற்றி எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். இதுவரை மூன்று முறை எழுந்துவிட்டேன். துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன், அடுப்பைத் துடைத்தேன், யாரும் வராத வாசலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக வேலை பார்த்தவள் நான். பிள்ளைகளுக்கு எத்தனையோ சொற்களை விளக்கியிருக்கிறேன். ஒரு சொல்லை மட்டும் வகுப்பில் எடுக்காமல் தாண்டிப் போவேன்.

‘ட்ரிங்க்’. குடிப்பது, குடிக்கும் பொருள், மது. இது நம் எல்லோருக்கும் தெரியும். முன்னால் ‘த’ போட்டுக் கப்பல்காரர்கள் பேச்சில் சொன்னால் அதற்குக் கடல் என்று பொருள். அது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் வீடு தீவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருந்தது; அந்தச் சாலைக்கு அப்போது வேறு பெயர். கீழே வாப்பாவின் நாசி கண்டார் சோற்றுக்கடை, மேலே நாங்கள். வாப்பா, உம்மா, நான், இரண்டு தம்பிமார், அப்புறம் வாப்பாவின் தம்பியான என் சாச்சா, அவர் மனைவி சாச்சி. சாச்சிக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கடைக்கு வந்துபோன ஆட்களின் முகம் ஒன்றையும் மறக்க மாட்டார்.

கடையில் கைப்பக்குவம் சாச்சாவுடையது. மீன்தலைக் கறியை அவர் இறக்கும் நேரம் தெரிந்து துறைமுகத்து ஆட்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். வாப்பா கல்லாவில் இருப்பார், ஆட்கள் பேசுவது சாச்சாவிடம். இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. ஒரு நாள் சாச்சா சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போவதாகச் சொன்னார். இரண்டு வருட வேலை. வாப்பா, “போறவன் போகட்டும், கடை ஒன்னும் மூடிடாது,” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிப் போனார். வழியனுப்ப உம்மாவும் சாச்சியும் நானும்தான் ஜெட்டிக்குப் போனோம்.

அதற்குப் பிறகு கடையில் நான் அடிக்கடி கேட்டது ஒரே பேச்சு. “கறி மாறிப் போச்சு லா, பாய். தம்பி எப்ப வருவாரு?” கேட்டவர் போன பிறகு வாப்பா மேசையைத் துடைத்த வேகத்தை நான் இப்போதும் பார்க்கிறேன்.

சாச்சா மாதம் ஒரு கடிதம் போடுவார், தமிழில். வாப்பா அதை உரக்க வாசிப்பார். வாசித்து முடித்ததும் சாச்சி அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பார். பதினோரு கடிதம் வந்திருந்தது. பன்னிரண்டாவதுதான் இங்கிலீஷில் வந்தது.

ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த மழை மாதம். பள்ளிவிட்டு வந்து ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கடையில் கூட்டம் இல்லை. வாப்பா ஓர் உறையை நீட்டினார். மழைத்துளி பட்டு முகவரியின் ஒரு மூலை நீலமாகக் கரைந்திருந்தது. கப்பலின் இரண்டாவது இஞ்சினியர் எழுதியிருந்தார், அரைப் பக்கம்தான். எழுத்து சாய்ந்து சாய்ந்து ஓடியது.

இதை எழுத வருத்தமாயிருக்கிறது. உங்கள் தம்பி செவ்வாய்க்கிழமை காலை, ‘வென்ட் இன்டு த ட்ரிங்க்’. அவருக்காக எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம், பயனில்லை. நான் பார்த்த சமையல்காரர்களில் அவர்தான் சிறந்தவராக இருந்தார். கேப்டனும் கம்பெனியும் முறைப்படி எழுதுவார்கள். அவருடைய சாமான்கள் என்னிடம் இருக்கின்றன, எங்கே அனுப்பட்டும்?

அவ்வளவுதான் கடிதம். அதில் சாவு என்றோ கடல் என்றோ ஒரு சொல்கூட இல்லை.

“என்னம்மா எழுதியிருக்கு?” என்றார் வாப்பா.

“சாச்சா குடியில விழுந்துட்டாராம் வாப்பா.”

“என்ன?”

“குடி. ட்ரிங்க்னு போட்டிருக்கு. கப்பல்காரங்க எவ்வளவோ பாத்தாங்களாம், முடியலையாம். அவரு சாமானெல்லாம் வச்சிருக்காங்களாம். எங்க அனுப்பன்னு கேக்குறாங்க.”

அடுக்களைப் பக்கத்திலிருந்து சாச்சி வந்து நின்றிருந்தார். கையில் பாதி உரித்த வெங்காயம்.

“இன்னொரு தடவ படி புள்ள.”

படித்தேன். அதே பொருள்தான் வந்தது.

“அவரு குடிக்க மாட்டாரு மச்சான்,” என்று சாச்சி வாப்பாவைப் பார்த்துச் சொன்னார். “சோடா குடிச்சாலே அவருக்கு நெஞ்ச அடைக்கும். அவரு குடிப்பாரா? இது வேற யாருக்கோ வந்த கடிதாசி.”

“பேரு அவனோடதுதானே இருக்கு?” என்று வாப்பா என்னைக் கேட்டார்.

“ஆமா வாப்பா.”

“சரியாப் பாத்துச் சொல்லு புள்ள,” என்றார் சாச்சி. “அந்தச் சொல்லுக்கு வேற ஒன்னும் இல்லையா?”

எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்குகிற பெண் நான். மாடிக்கு ஓடிப்போய் என் பள்ளி அகராதியை எடுத்துவந்தேன். உள்ளங்கை அளவு, அட்டை பிய்ந்தது, யாரோ ஓர் அக்கா படித்துவிட்டுக் கொடுத்தது. ‘ட்ரிங்க்’ என்ற இடத்தில் இரண்டே பொருள் இருந்தன. குடிபானம். மதுப் பழக்கம். விரலை வைத்துக் காட்டினேன். சாச்சி என் விரலையே பார்த்தார். படிக்கத் தெரியாதவரிடம் அகராதியைக் காட்டிவிட்டு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘இருந்தார்’ என்று அந்த ஆள் எழுதியிருந்தாரே, அது என் கண்ணில் பட்டது. காலங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். ஏன் இறந்தகாலத்தில் எழுதியிருக்கிறார் என்று ஒரு நொடி யோசித்தேன். யாரும் கேட்காமலே நானே காரணமும் சொன்னேன். “வேலைய விட்டு நிறுத்திட்டாங்க போல, வாப்பா. அதான் ‘வாஸ்’னு எழுதியிருக்காரு.”

வாப்பா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். “இது இந்த வீட்டுக்குள்ளயே இருக்கணும். வெளியில ஒரு ஆளுக்குத் தெரியக்கூடாது,” என்றார். பள்ளிவாசலுக்கு எதிரில் கடை வைத்திருப்பவரின் தம்பி குடிகாரன் என்று நாலு பேர் பேசினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நாலு கடை தள்ளி வக்கீல் ஆபீஸ் கிளார்க் ஒருவர் தினமும் எங்களிடம்தான் சாப்பிட்டார். அவரிடம் அந்தத் தாளை நீட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. வெட்கம் எங்கள் கையைக் கட்டிப்போட்டது. அதைவிட இன்னொன்றும் உண்டு, இப்போது என் வயதில் தெரிகிறது. வாப்பா அந்தச் செய்தியை நம்பத் தயாராக இருந்தார். தன்னை விட்டுப் போனவன் கெட்டுப்போனான் என்பதில் அவருக்கு ஒரு கசப்பான நியாயம் கிடைத்தது. நான் வாசித்ததும் அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். ‘ட்ரிங்க்’ சரி, ஏன் ‘த ட்ரிங்க்’? தேர்வு முடிந்த கடைசி நாள் கான்வென்ட்டில் எங்கள் இங்கிலீஷ் சிஸ்டரைப் போய்ப் பிடித்தேன். அயர்லாந்துக்காரர். வாப்பா சொன்னது நினைவிருந்ததால் கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

“சிஸ்டர், ‘த ட்ரிங்க்’ என்றால் என்ன?”

அவர் முகம் மாறியது. குனிந்து என் தோளில் கை வைத்தார். “அது குடும்பங்களை அழிக்கிற பேய், குழந்தாய். என் சொந்த மாமா அதில்தான் போனார்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “உங்கள் வீட்டில் யாராவது?” என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு ஓடி வந்தேன். அவர் ஊரில் மதுவுக்கும் ‘த’ போட்டுத்தான் சொல்வார்கள் என்று நான் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயது. முழு வாக்கியத்தைக் கேட்டிருந்தால் அவருக்குப் புரிந்திருக்குமோ என்னவோ. நான் இரண்டு சொல்லைத்தான் கொண்டுபோனேன். இரண்டு சொல்லுக்குரிய பதில்தான் கிடைத்தது.

அந்த வாரமே வாப்பா என்னைக் கடை மேசையில் உட்கார வைத்துப் பதில் எழுதச் சொன்னார். அவர் தமிழில் சொன்னார், நான் இங்கிலீஷில் எழுதினேன்.

“உங்கள் கடிதம் கிடைச்சுதுன்னு எழுது. எங்களுக்கு அப்படி ஒரு தம்பி இல்லைன்னு எழுது. அவன் சாமான் எதுவும் இந்த வீட்டுக்கு வரக்கூடாது. நாங்க அவன் செத்துட்டதா நெனச்சுக்கறோம்.”

கடைசி வரியை நான் இரண்டு முறை அடித்து எழுதினேன். அழகாக வர வேண்டுமென்று. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வாப்பா சொன்னார். உறையில் கப்பலின் பெயரும், சிங்கப்பூரில் கப்பல் ஏஜெண்டின் முகவரியும் எழுதி நானே தபாலில் போட்டேன்.

சாச்சிக்கு இது தெரியாது. அவர் அந்த நாட்களில் ஒரு மாதம்போல எல்லோருடனும் வாதாடிக்கொண்டிருந்தார். அரிசி களையும்போது, மீன் அரியும்போது, மாடிப்படியில் எதிர்ப்படும்போது. “அவரு குடிக்க மாட்டாரு அக்கா,” என்பார் உம்மாவிடம். உம்மா, “நீ மனச விடாத தங்கச்சி,” என்பார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. வாப்பா இருக்கும் இடத்துக்கு வந்து, “வேற கடிதாசி எதும் வந்துச்சா மச்சான்?” என்று கேட்பார். வாப்பா எழுந்து போய்விடுவார். மழை விடாமல் பெய்தது. வீட்டில் ஒருவர் இருந்த இடத்தில் இன்னொருவர் இருக்கவில்லை. படிகளில் சதா யாராவது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தோம்.

பிறகு நோன்பு மாதத்தின் நடுவில் ஒரு நாள் சாச்சி திடீரென்று வாதாடுவதை நிறுத்திவிட்டார். நோன்பு திறக்கக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர், யாரும் கேட்காமலே சொன்னார்.

“சரி, குடிக்கிறாரு. குடிக்கட்டும். பெருநாளைக்கு வருவாருல்ல, அப்ப நான் பாத்துக்கறேன்.”

உம்மாவும் வாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வழியாக ஒத்துக்கொண்டாள் என்று அவர்களுக்கு நிம்மதி. எனக்கும்தான். என் இங்கிலீஷ் சரி என்று ஆகிவிட்டதல்லவா?

பெருநாள் அன்று சாச்சி பச்சைப் பட்டு உடுத்தினார். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். மருதாணி வைத்துக் கை சிவந்திருந்தது. மல்லிகை வாசம் மாடி முழுக்க. வந்த பெண்களிடம், “கப்பல் லேட்டு, அதான் வரல,” என்று சிரித்துப் பேசினார். அன்று அவர் அழகாக இருந்தார். இதை எழுதும்போது எனக்கு மறுபடி எழுந்துபோகத் தோன்றுகிறது. அந்தப் பட்டும் வளையலும் அணிந்து நின்றவர் இரண்டு மாதத்துக்கு முன்பே கணவரை இழந்தவர். அது கடலுக்கு மட்டும் தெரியும்.

பள்ளி விடுமுறை முழுக்க சாயங்காலம் ஐந்து மணியானால் சாச்சி என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடப்பார். வெல்ட் கீ துறைப் பக்கம் தொங்கான் படகுகள் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும். ரப்பர் ஷீட் நாற்றமும் கருவாட்டு நாற்றமும் தாரும் கலந்து மூக்கில் ஏறும். நடுத் தண்ணீரில் நிற்கும் கப்பல்களைக் காட்டி, “பேரு என்ன எழுதியிருக்கு, படி,” என்பார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பேன். “அது இல்ல. அடுத்தது.” ஒரு நாள் ஏழு கப்பலின் பெயரைப் படித்தேன். தலைப்பாகை கட்டிய ஒரு கூலி எங்களைத் தினமும் பார்த்துவிட்டு, “யாரம்மா வரணும்?” என்று கேட்டார். “வீட்டுக்காரரு. குடிச்சுப்புட்டு எங்கேயோ கெடக்காரு,” என்றார் சாச்சி, சாதாரணமாக. வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வாப்பா சொன்னதை அவர் முதலில் உடைத்தது அங்கேதான். நான் வெட்கத்தில் குனிந்துகொண்டேன்.

சீனப் பெருநாள் போனது. பள்ளி திறந்து ஆறாம் வகுப்புக்குப் போனேன். மார்ச் மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரர் கடைக்குள் வந்தார். சிவந்த, தோல் உரிந்த முகம். தோளில் ஒரு கான்வாஸ் பை. நான் மேசையில் தம்பிமாருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பையை இறக்கிவைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

“இதை எழுதியது யார்?”

என் கையெழுத்து.

“நான்தான்,” என்றேன்.

கோபத்தோடு வந்த மனிதர். என்னைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உன் வயது என்ன?”

“பதினொன்று.”

“ஒரு மனிதனின் சாமான் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் வந்தேன். உன் அப்பாவிடம் கேள், இப்படி எழுத அவர் தம்பி என்ன குற்றம் செய்தார்?”

வாப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். “என்னவாம்?”

நான் வெள்ளைக்காரரிடமே சொன்னேன். “நீங்கள்தானே எழுதினீர்கள், அவர் குடிகாரர் ஆகிவிட்டார் என்று?”

“குடிகாரரா? அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லையே.”

“ ‘இன்டு த ட்ரிங்க்’ என்று எழுதியிருந்தீர்கள்.”

அவர் கையைத் தூக்கித் தெருக்கோடியைக் காட்டினார், துறைமுகம் இருக்கும் திசையை. அந்தக் கையை அப்படியே மெதுவாகக் கீழே இறக்கினார். “த ட்ரிங்க்,” என்றார். “கடல், குழந்தாய். அவர் கடலில் விழுந்துவிட்டார். சமையற்கட்டு வாளியைக் கொட்டப் பின்பக்கம் போனார், பெரிய அலை. ஆறு மணி நேரம் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினோம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம் அதை. எழுதும்போது வேறு சொல் எனக்கு வரவில்லை.”

“என்ன சொல்றாரு? சொல்லும்மா,” என்றார் வாப்பா.

தமிழில் அது எவ்வளவு சின்ன வாக்கியம்! அதைச் சொல்லத் தெரியாமல் நின்றேன். வாப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் சொல்வதற்குள் சாச்சி அடுக்களையிலிருந்து வந்து எங்களைத் தாண்டிப்போய்ப் பையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கை இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார்.

பையின் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டு கைலி. நான்கு சட்டை. தொப்பி. பனியனில் சுற்றிய சின்னக் கடிகாரம். ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார். அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். இன்னொன்றை. எல்லாம் சவுக்காரம் போட்டு வெளுத்து மடித்தவை.

“தொவச்சுட்டாங்க,” என்றார். “எல்லாத்தையும் தொவச்சுட்டாங்க. ஏன் தொவச்சாங்கன்னு கேளு புள்ள. கேளு!”

கேட்டேன். வெள்ளைக்காரர் தன் தொப்பியைக் கையில் பிசைந்தார். “அழுக்கோடு கொடுப்பது மரியாதை இல்லை என்று நானே துவைத்தேன்,” என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அன்று நான் சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றுதான். அதன் பிறகுதான் சாச்சி அழுதார்.

கம்பெனியின் கடிதம் சாச்சா சிங்கப்பூரில் கப்பலேறுமுன் தங்கிய விடுதிக்குப் போய் அங்கேயே கிடந்திருக்கிறது. அதுவும் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் சாச்சாவுக்காக, உடல் இல்லாமலே, ஜனாஸாத் தொழுகை நடந்தது. வாப்பா முதல் வரிசையில் நின்றாராம். கடையை மூன்று நாள் மூடினார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் கடையை மூடி நான் பார்த்ததில்லை.

சாச்சி இத்தா இருக்க மாடி அறையில் பாய் விரித்தார். கணவன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருப்பது. பள்ளிவாசல் லெப்பை வந்து, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணினார்.

“இத்தாங்கறது மௌத்தான நாள்லேர்ந்து கணக்கும்மா. சேதி வந்த நாள்லேர்ந்து இல்ல. உனக்கு நாள் எப்பவோ முடிஞ்சு போச்சு. இனிமே ஒக்கார வேண்டியதில்ல.”

திரைக்குள்ளிருந்து சாச்சியின் குரல் வந்தது. “நான் இன்னும் ஒக்காரவே இல்லையே, லெப்பை.”

“சட்டம் அதான்மா. அல்லா உனக்கு லேசாக்கிட்டான்.”

“லேசா?” என்றார் சாச்சி. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்து, அன்றைக்கு வந்த மீனை அரிந்தார்.

என்னை யாரும் திட்டவில்லை. நான் காத்திருந்தேன். ஒரு அடியாவது விழும், ஒரு சொல்லாவது வரும் என்று வீட்டுக்குள் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வாப்பா தானாகச் சொன்னார். “நீ என்னம்மா செய்வே. எழுத்துல அப்படித்தானே இருந்துச்சு.” அத்தோடு சரி. ஆனால் அதன் பிறகு வீட்டுக்கு வந்த ஒரு இங்கிலீஷ் கடிதத்தைக்கூட அவர் என்னிடம் தரவில்லை. எல்லாம் வக்கீல் ஆபீஸ் கிளார்க்கிடம் போயின. நான் பட்டம் வாங்கி டீச்சராகி வேலைக்கு உத்தரவு வந்த கடிதத்தையும் அந்தக் கிளார்க்கிடம் காட்டித்தான் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சொல்லை நான் விடவில்லை. பெரிய அகராதி வாங்க முடிந்த நாளில் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தேன். பொருள்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தன. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில், பேச்சுவழக்கு என்ற குறிப்போடு, ‘த ட்ரிங்க்: கடல், நீர்நிலை’. அமெரிக்கர்கள் ஆற்றையும் குளத்தையும் அப்படிக் கேலியாகச் சொல்லத் தொடங்கினார்களாம். பிறகு கப்பல்காரர்கள். போர்க்காலத்தில், அடிபட்டுக் கடலில் விழுந்த விமானங்களைப் பற்றி விமானப்படை ஆட்கள். சாவுக்கு மிக அருகில் வேலை செய்பவர்கள் அந்த இடத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பயந்து வைத்த செல்லப்பெயர் என்று எனக்குப் படுகிறது. வாய்க்குள் போகிற சின்னப் பொருளின் பெயரை, மனிதனை விழுங்குகிற பெரிய பொருளுக்கு வைத்துவிட்டார்கள். அந்த இஞ்சினியர் கல்மனதுக்காரர் இல்லை. வீட்டுக்காரர்களுக்கு அந்தச் செய்தியை மென்மையாகச் சொல்ல நினைத்துக் கையில் கிடைத்த மென்மையான சொல்லைப் போட்டிருக்கிறார்.

சாச்சியை அவருடைய அண்ணன் வந்து, கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கு அழைத்துப்போனார். மூன்று வருடம் கழித்து ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு மகன்கள். கல்யாணத்துக்கும் போனேன், பிள்ளைகளுக்குப் பேர் வைத்ததற்கும் போனேன், அவர் கணவர் மௌத்துக்கும் போனேன். அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு நாளும் நாங்கள் பேசியதில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் அதை நான் தூக்கிக்கொண்டு திரிந்தேன். போன மாதம், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. எனக்கும் ஒன்றும் இளம் வயதில்லை. காரை எடுத்துக்கொண்டு போனேன்.

மகன் வீட்டு முன்னறையில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கைப்பிடி எடுத்து உரிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்.

“சாச்சி, அந்தக் கடிதாசிய நான் தப்பாப் படிச்சேன். உங்ககிட்ட மாப்பு கேக்கணும்.”

“நீ பச்சப்புள்ள. உனக்கு என்ன தெரியும்?” என்றார். விரல்கள் நிற்கவில்லை. பிறகு, “எனக்குத் தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீ படிச்ச அன்னிக்கே தெரியும். சாமானெல்லாம் வச்சிருக்கோம், எங்க அனுப்பன்னு கேட்டிருந்தாங்கல்ல? உசுரோட இருக்கிற ஆளோட சாமான அவன் கையிலதானே குடுப்பாங்க. வீட்டுக்கு எதுக்கு அனுப்பணும்?”

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வீட்டில் கடிதத்தைச் சரியாக வாசித்தவர் ஒருவர்தான். அவருக்கு எழுத்தே தெரியாது.

“பின்ன ஏன் சாச்சி யார்கிட்டயும் சொல்லல?”

“அவரு குடிக்க மாட்டாருன்னு ஒரு மாசம் எல்லார்கிட்டயும் சண்ட போட்டேன், ஞாபகம் இருக்கா? ஒரு நா நோன்போட ஒக்காந்து யோசிச்சேன். நான் ஜெயிச்சுட்டா? ஆமா, அவன் குடிக்கிறவன் இல்லன்னு உன் வாப்பா ஒத்துக்கிட்டா, அப்பறம் அந்தக் கடிதாசிக்கு என்ன அர்த்தம் மிச்சம் இருக்கும்? வேற ஒன்னுதானே இருக்கும்.” ஒரு பட்டாணியை வாயில் போட்டு மென்றார். “குடிகாரன்னா ஒரு நா வீட்டுக்கு வருவான்ல புள்ள. அதான் வாய மூடிக்கிட்டேன். குடியாவே இருக்கட்டும் ரப்பேன்னு அஞ்சு வேளையும் துவா கேட்டேன். புருசன் குடிகாரனா இருக்கணும்னு அழுது தொழுத பொம்பள இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. என் பிழையை அவரிடம் இறக்கிவைக்கப் போனவள் நான். அந்த நோன்பு மாதத்திலிருந்து வெள்ளைக்காரர் வரும்வரை அவர் அந்தப் பிழையைத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“உங்க மேல எனக்கு என்ன கோவம்னா,” என்றார் சாச்சி, “அந்த வெள்ளைக்காரனுக்கு நீங்க யாரும் ஒரு வாய் சோறு போடல. அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தான், பாவம். வெறும் வயித்தோட திரும்பிப் போனான்.”

பட்டாணித் தொலியைத் தாளில் சுருட்டி என்னிடம் தந்தார், குப்பையில் போடச் சொல்லி. மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மாப்பு கொடுத்தாரா இல்லையா என்று நான் திரும்பக் கேட்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினேன். தீவுக்குத் திரும்பும் கடல்பாலத்தில் வரும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. நடுவில் வண்டியை நிறுத்தக்கூடாது என்று சட்டம். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் நிறுத்தி இறங்கியிருப்பேன். இறங்கி என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது. வேகத்தைக் கூட்டினேன்.